சிறகை முறித்தது யார்?

தோழர்களே, ஒரு தொழில் நொடித்துவிட்டால் முதலாளிகள் உடனே பாடும் பாட்டு ஒன்று உண்டு: "தொழிலாளி கூலி கேட்டான், தொழில் போயிற்று!" பிரிட்டனின் போர் விமானத் தொழில் எப்படி நொடித்தது என்று பார்ப்போம்.

1945ல் உலக யுத்தம் முடிந்தபோது அங்கே இருபதுக்கு மேற்பட்ட விமானக் கம்பெனிகள் இருந்தன. 1949ல் கான்பெரா குண்டுவீச்சு விமானம் பறந்தது. அமெரிக்காவே உரிமம் வாங்கி அதைத் தன் நாட்டில் கட்டியது. 1951ல் ஹண்டர் பறந்தது. இவ்விரண்டையும் இந்தியாவும் வாங்கியது. 'நாட்' என்ற சிறு விமானத்தை நம் பெங்களூர்த் தொழிலாளிகளே கட்டினார்கள். அவ்வளவு பேர்பெற்ற கைத்திறன் அது!

அந்தத் திறனை ஏகாதிபத்தியம் எதற்குப் பயன்படுத்தியது? 1956ல் எகிப்து தன் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. சில மாதங்களில் கான்பெராவும் வேலியண்டும் எகிப்தின் விமானத் தளங்களில் குண்டு பொழிந்தன. அமெரிக்கா கண்ணை உருட்டியதும் பிரிட்டன் மூக்கறுபட்டுத் திரும்பியது.

1957ல் ராணுவ மந்திரி டங்கன் சாண்டிஸ் "இனி ஏவுகணைக் காலம்" என்று வெள்ளை அறிக்கை விட்டார். பல விமானத் திட்டங்கள் ரத்தாயின. 1960ல் சர்க்கார் நெருக்கியதில் பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு பெரும் கம்பெனிகளுக்குள் அடங்கின.

மிஞ்சிய பெரிய திட்டம் டி.எஸ்.ஆர்.2. அது 1964 செப்டம்பரில் பறந்தது. அதை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1965 ஜனவரியில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் லண்டன் வீதியில் திரண்டார்கள். தொழிலாளி பெயரைச் சொல்லி ஓட்டு வாங்கிய தொழிற்கட்சி சர்க்கார் ஏப்ரல் 6ந் தேதி, பட்ஜெட் நாளன்று, அதை ரத்து செய்தது. அமெரிக்காவின் எப்-111 வாங்குவோம் என்றது. 1968ல் அதையும் கைவிட்டது! டி.எஸ்.ஆர்.2களில் பறந்தது ஒன்றே ஒன்று. அதையும் குண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்திச் சுட்டார்கள்.

செலவு கட்டுக்கடங்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் திட்டத்தைப் போட்டவன் யார்? மந்திரி. அதில் மேலும் மேலும் கேட்டவன் யார்? ராணுவ அதிகாரி. லாபம் கண்டவன் யார்? முதலாளி. வேலை இழந்தவன் மட்டும் தொழிலாளி!

குண்டுவீச்சு விமானம் போயிற்றே என்று நாம் அழவில்லை. அந்தக் கைகளுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் கேட்கிறோம். இருந்தது! 1976ல் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர் பிரதிநிதிகள் சுமார் 150 பொருள்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தார்கள். சிறுநீரக நோயாளியின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, வீட்டுக்குச் சூடேற்றும் கருவி. உயிர் காக்கும் வேலை, ஆட்குறைப்புக்கு மாற்று. நிர்வாகம் அதைத் தள்ளிவிட்டது.

1977ல் விமானத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. 1981லேயே தாட்சர் சர்க்கார் பங்குகளை விற்கத் தொடங்கியது.

சிறகை முறித்தது கூலி கேட்ட கை அல்ல. எதைச் செய்வது, எதை நிறுத்துவது என்று செய்பவனைக் கேட்காமல் முடிவு கட்டிய கை! அந்த முடிவில் தொழிலாளிக்குப் பங்கு இல்லாதவரை, எந்த ஆலையின் கதவும் எந்தக் காலையிலும் மூடப்படலாம்.