முகம் காணாத் தோழர்கள்



"சாப்பிட வா" என்று தாய் அழைக்கிறார். "இன்னும் கால் மணி நேரம், அம்மா! எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று அறைக்குள்ளிருந்து மகன் மறுமொழி கூறுகிறான். எட்டிப் பார்த்தாலோ, அவனையும் கணினியையும் தவிர அங்கு வேறெவரும் இல்லை. இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் கேட்கும் உரையாடல் இது. "எல்லாரும்" என்று அவன் சொன்னானே, அந்த எல்லாரும் யாவர்? அவர்களால் அவனுக்கு நன்மையா, தீமையா? இம்மாதம் இதைப் பற்றி உங்களோடு சேர்ந்து சிறிது ஆராய விழைகிறோம்.

இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகினுள் புகுந்து ஆடும் விளையாட்டுகள் உள்ளன. 1999-இல் தோன்றிய 'எவர்குவெஸ்ட்', 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆகிய இரண்டும் இவ்வகையில் பெரும்பெயர் பெற்றவை. சதுரங்கம் ஆடி முடித்தபின் காய்களைப் பெட்டியில் இட்டு மூடிவிடலாம். இவ்வுலகங்களை அவ்வாறு மூடிவிட இயலாது. நாம் உறங்கும்போதும் அவை இயங்கிக்கொண்டேயிருக்கும். அங்கே ஒருவர் தனித்துச் செய்யத்தக்கவை பல உண்டெனினும், பெரும் பகைவரை வெல்லப் பலர் கூடியே ஆக வேண்டும். வார்கிராஃப்டின் தொடக்க ஆண்டுகளில் மிகப் பெரிய போர்களுக்கு 40 பேர் வரை திரண்டனர். ஒருவர் பகைவனின் அடிகளையெல்லாம் தம்மேல் தாங்கி நிற்பார், சிலர் அவருடைய காயங்களை ஆற்றிக்கொண்டே இருப்பர், ஏனையோர் தாக்குவர். காயம் ஆற்றுபவர் ஒரு கணம் அயர்ந்தால் அனைவரும் வீழ நேரிடும். ஆதலால் ஒருவரையொருவர் நம்பத்தக்க நிலையான குழு தேவையாயிற்று. அத்தகைய குழுவையே 'கில்ட்' என்று அழைக்கின்றனர். நாம் சங்கம் என்று சொல்லலாம்.

இச்சொல் திருச்சபையின் வரலாற்றுக்குப் புதியதன்று. இடைக்கால ஐரோப்பாவில் தொழிலாளரும் வணிகரும் பங்கு மக்களும் தங்களுக்கெனக் கில்டுகளை அமைத்து, ஒரு புனிதரைப் பாதுகாவலராகக் கொண்டிருந்தனர். 1388-89ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் ஆணைப்படி அந்நாட்டுச் சங்கங்கள் தங்கள் சட்டதிட்டங்களை எழுதி அரசுக்கு ஒப்படைத்தன. அவற்றுள் பல இன்றும் கிடைக்கின்றன. நோயாலோ தீவிபத்தாலோ கொள்ளையராலோ ஓர் உறுப்பினர் நொடித்துப்போனால் அவருக்குப் பொதுப் பணத்திலிருந்து உதவ வேண்டும். ஒருவர் இறந்தால் ஏனையோர் அவருடைய அடக்கத்தில் கலந்துகொண்டு மெழுகுதிரி ஏற்றிச் செபிக்க வேண்டும் என்பன அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விதிகள். விளையாட்டுச் சங்கம் பெயரை மட்டுமே கடன் வாங்கியதா, பண்பையும் வாங்கியதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சங்கத்தைத் தொடங்குவது எளிது. வார்கிராஃப்டின் முதல் ஆண்டுகளில், தொடங்க விரும்புபவர் சிறு கட்டணம் செலுத்தி ஒரு பத்திரம் பெற்று, வேறு சங்கத்தைச் சேராத ஒன்பது பேரிடம் அதில் கையொப்பம் வாங்கினால் போதும். ஒரு மாலைப் பொழுதில் இது முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்துப் பேரை அடுத்த ஆண்டிலும் ஒன்றாக வைத்திருப்பதே அரிது. எத்தனையோ சங்கங்கள் சில மாதங்களிலேயே கலைந்து போயின. அவற்றுள் சிலவற்றை உடைத்தவை தோல்விகள் அல்ல; வெற்றிக்குப் பின் வந்த பங்கீடே.

இதனைச் சற்று விளக்குவோம். 40 பேர் பல இரவுகள் முயன்று ஒரு பறவைநாகத்தை வீழ்த்துகின்றனர். அது விட்டுச்செல்லும் அரிய பொருள்களோ இரண்டு அல்லது மூன்றுதான். யாருக்குக் கொடுப்பது? தலைவர் தம் நண்பருக்குக் கொடுத்தார் என்ற ஐயம் எழுந்தால் அன்றே சங்கம் பிளவுபடும். இதற்கு எவர்குவெஸ்ட் ஆடியோர் 1999-இலேயே ஒரு வழி கண்டனர். போருக்கு வந்தவர்க்கெல்லாம் புள்ளிகள் வழங்கப்படும். பொருள் விழும்போது தாம் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். பறவைநாகங்களைக் கொன்றதற்கான புள்ளி என்பதே அம்முறையின் பெயர். இன்று வெறுங்கையுடன் திரும்பியவருக்கும் தம் உழைப்பு கணக்கில் நிற்கிறது என்ற ஆறுதல் இதனால் கிடைத்தது. எனினும் இதிலும் குறையுண்டு. பழையவர்கள் புள்ளிகளைக் குவித்து வைத்துக்கொள்ள, புதியவர்கள் எத்தனை நாள் வந்தும் அவர்களை எட்ட முடியாமல் மனம் சோர்வர். எனவே சில சங்கங்கள் பழைய புள்ளிகள் நாளடைவில் தேயும்படி விதி செய்தன. வேறு சில, பொறுப்பாளர் சிலர் கூடி, எவருக்குப் பொருள் சேர்ந்தால் அனைவர்க்கும் நலமாகும் என்று ஆராய்ந்து கொடுக்கும்படி ஏற்பாடு செய்தன. எம்முறையாயினும், விதி முன்னதாகவே அனைவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். பொருள் கண்முன் கிடக்கும்போது விதி செய்யப் புகுந்தால் அது நீதியாகத் தோன்றாது. பாகப்பிரிவினையால் பேச்சற்றுப்போன உடன்பிறந்தோரை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்தது தலைமை. புதியவரைச் சேர்ப்பது, நாள் குறிப்பது, போரை நடத்துவது, பிணக்கைத் தீர்ப்பது ஆகிய அனைத்தையும் ஒருவரே சுமக்கும் சங்கம், அவர் களைத்துப்போகும் நாளில் தானும் ஓய்ந்துவிடும். நிலைத்து நிற்கும் சங்கங்களில் பொறுப்பு பகிர்ந்தளிக்கப்படுகிறது. 2007-இல் வார்கிராஃப்டில் சங்கங்களுக்கெனப் பொதுப் பெட்டகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. எந்த நிலையில் உள்ளவர் எவ்வளவு எடுக்கலாம் என்று தலைவர் வரையறுக்கலாம். யார் எதை வைத்தார், யார் எதை எடுத்தார் என்பது பதிவாகி நிற்கும். நம்பிக்கைக்குக் கணக்கு பகையன்று. துணையே என்பதை இவ்விளைஞர்கள் விளையாட்டிலேயே கற்றுக்கொள்கின்றனர். பங்குச் சங்கங்களில் பொருளாளராக இருந்து பாடுபட்டவர்கள் இதற்குத் தலையசைப்பர்.

மூன்றாவதே முதன்மையானது. நல்ல சங்கங்கள் பலவற்றில் "வீடும் வாழ்வும் முதலில், ஆட்டம் பிறகு" என்னும் பொருள்படும் ஒரு விதி உண்டு. தேர்வு எழுதுபவர், இரவுப்பணி செய்பவர், கைக்குழந்தை உடையவர் ஆகியோர் சொல்லிவிட்டு விலகியிருக்கலாம்; திரும்பி வரும்போது அவர்களுடைய இடம் அவர்களுக்காகக் காத்திருக்கும். சொல்லாமல் ஒருவர் பல நாள் வராதிருந்தால், "ஏன் வரவில்லை?" என்று அதட்டாமல், "நலந்தானா?" என்று விசாரிக்க ஒருவர் இருப்பார்.

இவ்விசாரிப்பு எத்தனை ஆழமாகச் செல்லக்கூடும் என்பதற்கு நார்வே நாட்டின் மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞரின் வரலாறு சான்று. 1989-இல் பிறந்த அவருக்குத் தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் டுஷென் என்னும் பிறவி நோய் இருந்தது. சிறுவயதிலேயே சக்கர நாற்காலி அவருக்குத் துணையாயிற்று. தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 மணி நேரத்தை அவர் வார்கிராஃப்டில் செலவிட்டார். அங்கே 'ஸ்டார்லைட்' என்னும் சங்கத்தில், இபெலின் என்ற பெயருடன் உலவினார். நாற்காலியை விட்டு எழ இயலாத அவர் அவ்வுலகில் ஓடினார், நடந்தார், பிறர் துயரங்களைக் கேட்டார். தம் நோயையோ நெடுங்காலம் தோழர்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார்.

2014 நவம்பரில், தமது 25-ஆம் வயதில் அவர் காலமானார். தம் மகன் நண்பரின்றி, எவர் வாழ்விலும் எச்சுவடும் பதிக்காமல் போய்விட்டான் என்றே பெற்றோர் ஏங்கினர். அவர் இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளின் பக்கத்தில் அவருடைய மறைவைத் தந்தை அறிவித்தார். அதன்பின் பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண், சிறுமியாயிருந்தபோது தம் பெற்றோர் கணினியைப் பறித்துக்கொண்டதையும், அப்போது மாட்ஸ் அவர்களுக்குப் பரிவோடு ஒரு கடிதம் எழுதியதையும் நினைவுகூர்ந்தார். ஆட்டிசம் காரணமாக மகனை நெருங்க இயலாது தவித்த ஒரு தாய்க்கு, விளையாட்டினுள்ளேயே மகனைச் சந்திக்கும் வழியை மாட்ஸ் காட்டியிருந்தார். ஆஸ்லோ நகரில் நடந்த அடக்கத்திற்கு ஸ்டார்லைட் தோழர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்தனர். பயணச் செலவுக்கு வசதியற்றவர்களும் வருவதற்கெனச் சங்கத்தினர் பணம் திரட்டினர். 2024-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தின் வழியாக இவ்வரலாறு உலகெங்கும் பரவியது.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் மெழுகுதிரியுடன் தம் தோழரின் அடக்கத்திற்குச் சென்ற சங்கத்தாரையும் இவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எவரும் இவர்களுக்கு அவ்விதியை எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்றாக விழுந்து, ஒன்றாக எழுந்து, நீதியாகப் பகிர்ந்து, ஒருவரையொருவர் விசாரித்து வாழ்ந்த பழக்கமே அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எவ்வளவு நேரமும் ஆடலாம்" என்று பிள்ளைகள் வாதிட முன்வரலாம். அதற்கு இவ்வரலாறு இடம் தரவில்லை. மாட்ஸுக்கு அடைபட்டிருந்த வாயில்கள் பல. நம் பிள்ளைகளுக்கோ தெருவும் திடலும் வகுப்பும் வீடும் திறந்தே உள்ளன. உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் படிப்பையும் விழுங்கக் கேட்கும் சங்கம் நல்ல சங்கமன்று. மேலும், முகம் காணாதோர் அனைவரும் ஸ்டார்லைட் உறுப்பினர்களைப் போன்றவர்களும் அல்லர். படம் கேட்பவர், பணம் கேட்பவர், "உன் வீட்டாருக்குச் சொல்லாதே" என்று இரகசியம் பேசுபவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகும்படி சிறுவரை எச்சரிப்பது பெற்றோரின் கடமை.

ஆனால் எச்சரிப்பதற்கு முன் அறிந்துகொள்ளவும் வேண்டும். மாட்ஸின் பெற்றோர் மகனை அன்போடும் கண்ணுங்கருத்துமாகவும் பேணியவர்களே. அப்படியிருந்தும், அவனுடைய தோழர்களை அவன் மறைந்த பின்னரே அவர்கள் அறிய நேர்ந்தது. நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆகையால், அன்புப் பெற்றோரே, இன்றிரவு உணவு வேளையில் மகனிடமோ மகளிடமோ கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்: உன் சங்கத்தின் பெயர் என்ன? அதில் உன் வேலை என்ன? கிடைத்ததை எப்படிப் பங்கிடுகிறீர்கள்? புதிதாக வந்தவன் தவறு செய்தால் சிரிக்கிறீர்களா, கற்றுத் தருகிறீர்களா? நீ மூன்று நாள் போகாவிட்டால் யார் உன்னைத் தேடுவார்? விடைகளைக் கேட்டாலே அச்சங்கம் எத்தகையது என்பது உங்களுக்குப் புலப்பட்டுவிடும். இயன்றால் அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, அவன் ஆடுவதைப் பாருங்கள். ஆட்ட நேரத்தையும் முன்னதாகவே கூடிப் பேசி வரையறுங்கள். சங்கத்தாரிடம் அதை அவனே சொல்லட்டும். நல்ல தோழர்கள் மதிப்பர்.

அந்தக் கடைசிக் கேள்வியை நம்மையும் நோக்கிக் கேட்டுக்கொள்வது நலம். நம் அன்பியக் கூட்டத்திற்கும் இளைஞர் மன்றத்திற்கும் மூன்று வாரம் வராதிருந்தவர் எவர்? அவர் வீட்டுக் கதவை நம்மில் யாராவது தட்டினோமா?