கழுவும் முன் கம்பியால் அளங்கள்

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி மழைக்காலத்தில் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?
(ஒரத்தநாடு வாசகர்)

பதில்: கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துரு சீக்கிரம் ஏறும். ஆகவே சுட்ட அன்றே சுத்தம் செய்துவிடுங்கள்.

முதலில் குழல்வாயை ஆளில்லாப் பக்கம் திருப்பி, கேப்பை எடுத்துவிடுங்கள். கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, வாயோரம் அடையாளமிட்டு, வெளியே குழலோடு வைத்து அளந்து பாருங்கள். அளவு குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. நீங்களே கிளறாமல் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் தகவல் சொல்லுங்கள்.

காலிக் குழலைச் சோப்பு வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு, கரிமருந்து கூடாது. பிள்ளைகள் கைபடாமல் பூட்டி வையுங்கள்.

ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கும் உரிமம் வேண்டும்.