கர்ப்பிணி மருத்துவர்களுக்காக ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த பொதுமக்களுக்கு,

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு கோவிட் பரவிய நேரத்தில் நாடே மருத்துவர்களான எங்களுக்காகக் கைதட்டியது. அடுத்த சில வாரங்களில் எங்களில் சிலரை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பயத்தில் சொன்னது, போகட்டும். பயம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாதது ஒன்று உண்டு.

2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிடையாது. அவர்களை வைத்துப் பரிசோதனை நடக்கவில்லை என்பது காரணம். ஏன் நடத்தவில்லை? பாலூட்டுவோருக்கு மே 19 அன்றும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும்தான் அனுமதி வந்தது. அதற்குள் இரண்டாம் அலை வந்து அடித்துவிட்டுப் போயிருந்தது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற அந்த ஏப்ரல், மே மாதங்களில் ஊசி போடாத கர்ப்பிணி மருத்துவர்கள் டியூட்டி பார்த்தார்கள். கோவிட் வார்டு வேண்டாமென்று பிரசவ வார்டுக்கு மாற்றினால் மட்டும் என்ன? வலியோடு வந்து நிற்பவருக்குத் தொற்று இருக்கிறதா என்று சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவா முடியும்? ஊசியால் ஆபத்து வருமோ என்று அவ்வளவு யோசித்தவர்கள், டியூட்டி பட்டியல் போடும்போது யோசிக்கவில்லை.

கவச உடையும் அப்படித்தான். பலருக்குத் தொளதொளவென்று இருந்தது. முகக்கவசத்தின் ஓரத்தில் காற்று புகுந்தது. ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. மாதவிடாய் நாட்களில் டயப்பர் கட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தோம். உலகச் சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதமே என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உடையின் அளவை முடிவு செய்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் நீங்களே கேட்கலாமே என்பீர்கள். நாங்கள் அரசு ஊழியர்கள். நடத்தை விதிகள் எங்கள் வாயைக் கட்டுகின்றன. உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணிப் பெண் மருத்துவருக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். அடுத்த தடுப்பூசிப் பரிசோதனையில் கர்ப்பிணிகளுக்கு எப்போது இடம் என்று ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தால், அவர் டியூட்டி முடித்து வரும் நாளில் உலையை நீங்கள் வையுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் பெண் மருத்துவர்கள் சிலர்