சிகரெட் பிடிக்காதவருக்கும் சிஓபிடி வருவது ஏன்? வைட்டமின் டி மாத்திரை காப்பாற்றுமா?

ஒருவர் 30 வருஷமாக பீடி பிடிக்கிறார். மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. பீடியைத் தொட்டே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரருக்கோ 45 வயதிலேயே நாலு படி ஏறினால் இரைக்கிறது. இது எப்படி?

சிஓபிடி என்பது என்ன?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பதன் சுருக்கம்தான் சிஓபிடி. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நுரையீரலின் காற்றறைகள் சேதமாகும். கட்டுப்படுத்தலாம், முழுசாகக் குணமாகாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் இதனால் இறந்தனர்.

மரபணுவின் பங்கு என்ன?

1963-ல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் ஆகிய இருவரும் இதற்கு ஒரு விடையைக் கண்டுபிடித்தனர். கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் வெளியிடும் ஒரு நொதி, நுரையீரலையும் அரித்துவிடும். அதைத் தடுப்பது கல்லீரலில் உருவாகும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் இந்தப் புரதம் குறைந்து, சின்ன வயதிலேயே நுரையீரல் கெடலாம். ஆனால் இது அரிதான பாதிப்பு. பெரும்பாலானோருக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டுகின்றன. புகை அதைத் தூண்டிவிடுகிறது.

வைட்டமின் டி எங்கே வருகிறது?

ரத்தத்தில் வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதத்தை உருவாக்குவது ஜிசி மரபணு. அதன் ஒரு வகை உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாகவும் சிஓபிடி ஆபத்து அதிகமாகவும் இருப்பதை 2010-ல் பெல்ஜியம் ஆய்வு காட்டியது. ஆனால் மூச்சு வாங்குபவர் வீட்டுக்குள்ளேயே முடங்குவார், வெயில் படாது, அதனாலும் வைட்டமின் டி குறையும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம்.

அப்போ மாத்திரை போட்டால் சரியாகுமா?

எல்லோருக்கும் இல்லை. பெல்ஜியத்தில் 182 நோயாளிகளுக்கு ஒரு வருஷம் நடந்த சோதனையில், நோய் திடீரெனத் தீவிரமாவது மொத்தத்தில் குறையவில்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. பல சோதனைகளைத் தொகுத்த 2019 ஆய்வும் இதையேதான் சொன்னது. ஆனால் 2022-ல் வெளியான நெதர்லாந்து சோதனையில், குறைபாடு இருந்தவர்களுக்கும் பலன் இல்லை.

அதனால் டெஸ்ட் எடுக்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடுவது சரியல்ல. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

என்ன செய்யலாம்?

இருமலும் இரைப்பும் விடாமல் இருந்தால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்ய வேண்டும். சிஓபிடி உறுதியானால், அதிலும் சின்ன வயதென்றால், ஆல்ஃபா-1 ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் சிஓபிடி பாதிப்பில் புகையிலையின் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். விறகடுப்புப் புகையும் அங்கே பெரிய காரணம். மரபணுவை மாற்ற முடியாது. பீடியை அணைக்கலாம், அடுப்படிப் புகை வெளியேற வழி செய்யலாம். மாத்திரை அதற்குப் பிறகுதான்.