டாக்டரிடம் யார் பேசுவது?

1953 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்த சித்தூரில் தமிழ் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் திருப்பதி ரூயாவிலோ ஸ்விம்ஸிலோ டாக்டர் வேறு ஜில்லாக்காரராக இருந்துவிட்டால், தெலுங்கு தெரியாத தமிழ்த் தொழிலாளி கூட வந்தவரின் நாக்கைத்தான் நம்ப வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்குத் தெலுங்கில் 'மண்ட' என்பார்கள் (நம் மண்டை அல்ல!). துணைக்கு வந்தவர் அவசரத்தில் 'குண்டெ நொப்பி' என்று சொல்லிவிட்டால் அது இருதய வலி. பரிசோதனையும் வேறு, செலவும் வேறு. 'பரகடுப்பு' என்றால் வெறும் வயிறு. அது விளங்காமல் இட்லி சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் சர்க்கரைக் கணக்கே தப்பாகிவிடும்.

இதைவிட மோசம், தெலுங்குப் பள்ளியில் படிக்கும் மகளைப் பேச வைப்பது. மாதவிலக்குக் கோளாறைத் தாய் பாதி மறைப்பாள். வெட்கத்தில் மகள் மீதியை விழுங்குவாள். டாக்டர் எதற்கு மருந்து எழுதுவார்? அண்டை வீட்டு அம்மாள் ஒருவரை அழைத்துப் போகக் கூடாதா?

திருமலையில் யாத்ரீகருக்குத் தமிழில் அறிவிப்புச் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில், அன்று டியூட்டியில் உள்ள தமிழ் தெரிந்த நர்ஸின் பெயரை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். அதற்குச் சாக்பீஸ் செலவுதான்.