விடறதுக்கு எதுக்குய்யா பிடிக்கணும்?

லீவுல பதினஞ்சு வயசுப் பசங்களை ஃப்ளை ஃபிஷிங் கேம்ப்புக்கு அனுப்பலாமேன்னு சொன்னா, இங்கே அமெரிக்காவுல நம்ம ஆளுங்க ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. "எஸ்.ஏ.டி. கோச்சிங் என்னாச்சு?" அடுத்தது, "திரும்ப விடறதுக்கு எதுக்குய்யா மீனைப் பிடிக்கணும்?" கூடவே ஒரு நக்கல் சிரிப்பு.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப் போச்சு. ரெண்டாவதுக்கு வர்றேன்.

யெல்லோஸ்டோன் ஏரியை எடுத்துக்கோங்க. கட்த்ரோட் ட்ரவுட்தான் அந்த ஊர் மீன். முட்டையிட ஓடைகள்ல ஏறும். கரடிக்கு அது சாப்பாடு. அங்கே லேக் ட்ரவுட்ங்கற வெளியூர் மீனும் புகுந்திருக்குன்னு 1994-ல தெரிய வந்துச்சு. அது கட்த்ரோட்டைத் தின்னுது. ஆழத்துலயே கிடக்கறதால கரடிக்கும் சிக்காது. அதனால அந்த ஏரியில விதியே இதுதான்: கட்த்ரோட்டை விட்டுடணும், லேக் ட்ரவுட்டைக் கொன்னுடணும்.

ஆக, கையில துள்றது எந்த மீன்னு பையன் பார்த்த உடனே சொல்லணும். கட்த்ரோட்டுக்குத் தாடைக்குக் கீழே செவப்புக் கீத்து இருக்கும். தூண்டில்ல எதிர்முள் இருக்கக் கூடாது. கையை நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடணும். ராத்திரி கூடாரத்துல பிஸ்கட் பாக்கெட் கூட வச்சுக்கக் கூடாது, கரடி வரும். இங்கே தப்பு பண்ணா மார்க் குறையாது, உயிர் போகும்.

மீனுக்கு வலிக்காதான்னா, நியாயமான கேள்வி. விட்ட மீன்லயும் சிலது செத்துப்போகும். அதைப் பசங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஆனா ஃப்ரீசர் மீன்ல குழம்பு வச்சு சாப்பிட்டுட்டு நாம ஜீவகாருண்யம் பேசறது ரொம்ப ஓவர்.

எதை விடணும், எதை விடக் கூடாதுன்னு பசங்க கையால கத்துக்கட்டும். அதுக்குக் கோச்சிங் சென்டர் கிடையாது.