கத்ர் என்று சொல்லி கேள்வியை மூடாதீங்க



கொஞ்சம் நீண்ட பதிவு. முடிந்தால் கடைசி வரைக்கும் வாசிங்க.

இதை எழுதுவதற்கு ராத்தாட இத்தா முடியும் வரை காத்திருந்தேன். போன கிழமை முடிந்தது. அவவிடம் கேட்டு, அவ சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

மச்சான் மவுத்தாகும்போது வயது 47. பெருங்குடலில் கென்சர். ஜனாஸா வீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்னது ஒன்றைத்தான்: "அல்லாஹ்ட நாட்டம், சபூர் செய்ங்க." அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. மவுத்துடைய நேரம் அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் ராத்தா ஒரு சொப்பிங் பேக்கை கொண்டு வந்து என் முன்னால் வைத்தா. "இதுல என்ன இருக்கெண்டு பாரு தம்பி" என்றா. உள்ளே மருந்துத் துண்டுகள், ரிப்போர்ட்டுகள், பாதி முடிந்த குளிசை அட்டைகள். பதினொரு மாதத்துக் கடதாசி.

நான் கணக்கு படிப்பிக்கிறவன். திகதிப்படி அடுக்கினேன். மூன்று இரத்தப் பரிசோதனை இருந்தது. ஹீமோகுளோபின் முதலாவதில் 12.1. நாலு மாதம் கழித்து 10.2. இன்னும் நாலு மாதம் கழித்து 8.3.

ஆசிரியர்மாரே, ஒரு பிள்ளை முதலாம் தவணையில் 72, இரண்டாம் தவணையில் 58, மூன்றாம் தவணையில் 41 எடுத்தால் நாம் என்ன செய்வோம்? உம்மா வாப்பாவை கூப்பிட மாட்டோமா? "இந்தப் பிள்ளைக்கு என்னமோ நடக்குது" என்று விளங்க பட்டம் தேவையில்லை. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மச்சானுடைய மூன்று தாளையும் யாரும் அப்படி வைத்துப் பார்க்கவில்லை. முதலில் பார்த்தவன் நான்தான், அவரை அடக்கிய பிறகு.

நடந்தது இதுதான். மலத்தோடு இரத்தம் போகுது என்று முதல் டொக்டரிடம் சொன்னார். மூலம் என்று களிம்பு கொடுத்தார். கையுறை போட்டு ஒரு விரலால் செய்யும் சோதனை ஒரு நிமிஷ வேலை. அது நடக்கவில்லை. இரண்டாவது டொக்டரிடம் களைப்பு என்றார். இரும்புச் சத்துக் குளிசை எழுதினார். மூன்றாவது இடத்தில் வயிற்றுக் குத்துக்கு கேஸ் மருந்து. நாலாவது, ஒரு நிபுணரை சனல் பண்ணிப் போனோம். எங்கட நம்பர் 53. மூன்று மணித்தியாலம் காத்திருந்து மூன்று நிமிஷம் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டை கேட்கவில்லை.

கடைசியில் குடல் அடைத்து, அவசரமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில், ஒரு சின்ன வயது டொக்டர்தான் முதன்முதலாக உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். ஸ்கேன், பயாப்ஸி, பிறகு மஹரகம. அதற்குள் ஈரலுக்குப் பரவிவிட்டது.

என்னிடம் படித்த ஒருவர் இன்று டொக்டர். அவரிடம் கேட்டேன். "சேர், வயது வந்த ஒரு ஆம்பிளைக்கு காரணமில்லாமல் இரும்புச் சத்துக் குறைந்தால், குளிசை கொடுப்பதோடு நிறுத்தக்கூடாது. இரத்தம் எங்கே போகுது என்று தேட வேண்டும். அதுவும் மலத்தில் இரத்தம் போகுது என்று அவரே சொல்லியிருக்கிறார்" என்றார். எல்லா வருத்தமும் நேரத்துக்குப் பிடிபடாது என்பதையும் அவரே சொன்னார். உண்மைதான். ஒளிந்திருக்கிற வருத்தத்தை காணத் தவறுவது ஒன்று. வருத்தம் கதவைத் தட்டும்போது எழும்பிப் பார்க்காமல் இருப்பது வேறொன்று. முதலாவதை கத்ர் என்று சொல்லுங்க, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவதற்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும்.

எங்கட பங்கையும் மறைக்கவில்லை. மச்சான் வெட்கத்தில் இரத்தம் போவதை முதல் டொக்டரைத் தவிர யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. சுகமில்லை என்றால் டொக்டரை மாற்றினார், பழைய துண்டை கொண்டு போகவில்லை. நானும் "மூலம்தானே" என்று சிரித்திருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

நாங்கள் முறைப்பாடு எழுதப் போகிறோம் என்று கேள்விப்பட்டு ஊரில் மூன்று பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "எங்கட சமூகத்துல ஒரு டொக்டர் உருவாகிறதே கஷ்டம். அவர்ட பேரை கெடுக்காதீங்க. மவுத்து திரும்பி வருமா?" என்றார்கள். ராத்தா பர்தாவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா.

பெரியவர்களே, மரியாதையோடு கேட்கிறேன். கடையில் நிறை குறைத்துக் கொடுத்தால் "எங்கட ஆள்" என்று விடுவீர்களா? வைத்தியம் தெரியாதவன் வைத்தியம் செய்து கெடுத்தால் அவனே பொறுப்பு என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. தெரியாதவனுக்கே பொறுப்பு உண்டென்றால், தெரிந்தும் பார்க்காமல் விட்டவருக்கு பொறுப்பே இல்லையா? சபூர் என்பது அல்லாஹ்வின் தீர்ப்பில் பொறுமை. மனிதரின் கவனயீனத்துக்கு அது பாதுகாப்புச் சுவர் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்க. 1992இல் கொழும்பில் ஒரு சிறு பிள்ளைக்கு ருமாட்டிக் கோரியா என்று வைத்தியம் நடந்தது. பிறகு சீ.டி. ஸ்கேன் எடுத்தபோது மூளைத் தண்டில் கட்டி. பிள்ளை மவுத்தானது. தகப்பன் சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2001இல் உயர் நீதிமன்றம் அந்த நட்டஈட்டை ரத்துச் செய்தது. கவனயீனத்தால்தான் மரணம் நடந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். சட்டம் தெரிந்த தகப்பனுக்கே அந்த நிலை என்றால், சொப்பிங் பேக்கோடு நிற்கிற எங்களுக்கு?

அதனால்தான் சொல்கிறேன், கடதாசியை பத்திரப்படுத்துங்க. ஒரு கொப்பியில் திகதி, சொன்ன வருத்தம், தந்த மருந்து, ரிப்போர்ட் இலக்கம் எல்லாவற்றையும் எழுதுங்க. டொக்டர் மாறினாலும் கொப்பி மாறக்கூடாது. டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க: இது வேறு எதுவாக இருக்கலாம்? எத்தனை நாளில் குறைய வேண்டும்? குறையாவிட்டால் அடுத்த சோதனை என்ன? கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் உங்கட சொந்த மருத்துவப் பதிவை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். டொக்டரைப் பற்றி இலங்கை மருத்துவ சபைக்கும், தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் முறைப்பாடு எழுதலாம். நட்டஈட்டு வழக்குக்கு பொதுவாக இரண்டு வருஷம்தான் காலம். துக்கத்தில் இருக்கும்போதே அதில் பாதி ஓடிவிடும்.

டொக்டர்மாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எங்கட பிள்ளைகள். உங்கட கையால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். 2022க்குப் பிறகு எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள், மிஞ்சியவர்கள் எப்படிக் கஷ்டப்படுகிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒரு பின்னேரத்தில் அறுபது நம்பர் கொடுப்பது யாருடைய முடிவு? இருபது பேரை பார்க்க முடியுமென்றால் இருபது நம்பர் கொடுங்க.

முறைப்பாடு நேற்று பதிவுத் தபாலில் போய்விட்டது. கையெழுத்து ராத்தாட. காசு கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருக்கிறோம்: 12.1, 10.2, 8.3. இதை ஏன் யாரும் பார்க்கவில்லை?

மலத்தில் இரத்தம், காரணமில்லாத களைப்பு, மெலிவு இருந்தால் வெட்கப்படாமல் நாளைக்கே போய்க் காட்டுங்க. வீட்டில் யாருக்காவது இருந்தால் இந்தப் பதிவை அவர்களிடம் காட்டுங்க. மச்சானுடைய மறுமைக்காக துஆ செய்ங்க.